கிளியரிங் ஹவுஸும் நம் வாசல் பார்சலும்

நம் கேட்டில் இருக்கும் ரிஜிஸ்டரை ஒரு நாள் புரட்டிப் பாருங்கள். காலையில் பி பிளாக்குக்கு ஒரு பார்சல். கால் மணி கழித்து அதே பிளாக்குக்கு இன்னொரு கம்பெனி வண்டி. மத்தியானத்துக்குள் மூன்றாவது, நான்காவது. ஒரு சோப்புப் பெட்டிக்கு ஒரு பைக், ஒரு ஆள், ஒரு லிஃப்ட் பயணம். அந்தப் பையன்களைக் குறை சொல்ல வரவில்லை. வெயிலில் அலைபவர்கள் அவர்கள்தான்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காசோலை ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், சம்பந்தம் இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஒவ்வொரு வங்கியும் ஒரு குமாஸ்தாவைத் தினமும் தெருவில் நடக்க விட்டது. மற்ற வங்கிகள் மீது எழுதப்பட்ட காசோலைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வங்கியாக ஏறி இறங்கி, பணம் வாங்கி வர வேண்டும். எல்லா வங்கி ஆட்களும் எல்லா வங்கிக்கும் நடந்தார்கள். 1770களில் இவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லம்பார்ட் தெருவில் ஒரு மதுக்கடையில் கூடி, காசோலைகளை அங்கேயே மாற்றிக்கொண்டு, மிச்சத் தொகையை மட்டும் தீர்த்துக்கொண்டார்கள். முதலாளிகள் யோசித்துச் செய்ததல்ல, கால் வலித்தவர்கள் செய்தது. கிளியரிங் ஹவுஸ் பிறந்தது அப்படித்தான். 1980களில் ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கிக்குக் கட்டு சுமந்து போன எனக்கும் அந்தக் குமாஸ்தாக்கள்தான் முன்னோர்கள்.

சரக்கிலும் இதையே செய்து பார்த்த ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் சிகாகோவில் 1899இல் தெருவுக்கு 40 அடி கீழே சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். டெலிபோன் கம்பி போட என்று அனுமதி வாங்கிவிட்டு, உள்ளே தண்டவாளமும் போட்டுவிட்டார்கள்! சுமார் 60 மைல் நீளத்துக்கு மின்சாரக் குட்டி ரயில்கள் ஓடின. பெரிய கட்டடங்களின் அடித்தளத்துக்கே நிலக்கரியைக் கொண்டுபோய்க் கொடுத்து, சாம்பலைத் திருப்பி எடுத்து வந்தன. பிறகு லாரி வந்தது, கட்டடங்கள் நிலக்கரியை விட்டன, 1959இல் கம்பெனி மூடப்பட்டது. ஆற்றில் கம்பம் நட்டபோது ஏற்பட்ட உடைப்பில் 1992இல் தண்ணீர் சுரங்கத்துக்குள் புகுந்து, நகர மையத்துக் கட்டடங்களின் அடித்தளங்களை நிரப்பியது. ஊர் மறந்துவிட்ட சுரங்கம் அப்படித் தன்னை ஞாபகப்படுத்தியது.

லண்டன் தபால் ரயில் இன்னும் ஒழுங்கான கதை. மேலே தெரு நெரிசலில் தபால் வண்டிகள் நகரவில்லை என்று 1913இல் நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. 1917க்குள் சுரங்கம் தயார், ஆனால் முதல் உலகப் போர். அந்தச் சமயத்தில் உள்ளே பத்திரப்படுத்தப்பட்டவை தபால் அல்ல, கலைக்கூடங்களின் ஓவியங்கள். 1927 டிசம்பரில்தான் தபால் ஏறியது. பாடிங்டனிலிருந்து வைட்சேப்பல் வரை ஆறரை மைல், எட்டு நிலையங்கள், ஓட்டுநரே இல்லாத மின்சார ரயில். புகை கிடையாது, டிராஃபிக் கிடையாது. 2003இல் மூடினார்கள். காரணம் பழுது அல்ல, கணக்கு: லாரியில் அனுப்புவதைவிடப் பல மடங்கு செலவு என்றார்கள். லாரி விடும் புகைக்கும் அடைக்கும் தெருவுக்கும் அந்தப் பேரேட்டில் பக்கமே இல்லை என்பது என் ஆட்சேபம். இப்போது அந்த ரயிலில் சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கிப் போகிறார்கள்.

பிறகு வந்தவர்கள் சுரங்கத்தை விட்டார்கள். ஊர் எல்லையில் ஒரு கிடங்கு, எல்லாக் கம்பெனிச் சரக்கும் அங்கே இறங்கும், அங்கிருந்து தெருவாரியாகப் பிரித்து ஒரே சின்ன வண்டியில் உள்ளே போகும். மொனாக்கோ 1989இல் எட்டரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளை ஊருக்குள் விடாமல் நிறுத்தி இதைச் செய்தது. பிரான்சின் லா ரோஷெல் 2001இல் பழைய குறுகலான தெருக்களுக்கு மின்சார வண்டி வைத்துச் செய்தது. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் 1996 முதல் கால்வாயில் படகு விட்டு உணவகங்களுக்குச் சரக்கு கொடுக்கிறது. 2010இல் அந்தப் படகும் மின்சாரத்துக்கு மாறியது.

ஆனால் இப்படித் தொடங்கிய பல கிடங்குகள் ஐரோப்பாவில் மானியம் நின்றதும் மூடப்பட்டன. நிலைத்தவற்றில் பெரும்பாலும் அரசு பணம் போட்டது, அல்லது கட்டாயப்படுத்தியது. ஏன் என்று நான் நிறைய யோசித்ததுண்டு. வங்கிகளும் போட்டியாளர்கள்தானே, அவர்கள் எப்படி ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்? காசோலையை யார் கொண்டுபோனாலும் பணம் ஒன்றே. பார்சல் அப்படியில்லை. கம்பெனிக்கு உங்கள் வாசலில் தன் சட்டை போட்ட ஆள் நிற்பதே விளம்பரம். அதைப் பொதுக் கிடங்குக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. கிடங்கில் இறக்கி ஏற்றும் கூலி அதன் தலையில் விழுகிறது. தெரு காலியாவதன் லாபமோ உங்களுக்கும் எனக்கும். செலவு ஒருவர் கணக்கில், வரவு இன்னொருவர் கணக்கில் என்றால் எந்த லெட்ஜரும் நிற்காது.

இவ்வளவும் எதற்கென்றால், ஏ பிளாக் கீழே பூட்டிக் கிடக்கும் டிரைவர் அறையைப் பார்சல் அறையாக்கும் தீர்மானம் வரும் பொதுக்குழுவுக்கு வருகிறது. நான் ஆதரிக்கிறேன், ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதனால் கேட்டுக்கு வரும் பைக் ஒன்றுகூடக் குறையாது. லிஃப்ட் காத்திருப்பும், உள்ளே வண்டி திரும்புவதும் மட்டும் குறையும். பைக் குறைய வேண்டுமானால் பக்கத்துக் குடியிருப்புகளும் சேர்ந்து, தெருமுனையில் ஒரே இடம் வைத்து, அங்கிருந்து ஒரு மின்சார ஆட்டோ சுற்ற வேண்டும். அதற்கு மாதம் வீட்டுக்கு எவ்வளவு விழும் என்று ஒரு தோராயக் கணக்கு போட்டு வைத்திருக்கிறேன். அலமாரி, கேமரா, ஓர் ஆள் சம்பளம் எல்லாம் அதில் இருக்கிறது. கூட்டத்துக்கு முன் பார்க்க விரும்புகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சி பிளாக் பெஞ்சுக்கு வாருங்கள், நோட்டோடு இருப்பேன்.