‘வாங்கு’ என்னும் வினைச்சொல்லின் வரலாறு

சொற்கள் தம் பொருளை ஒரே நாளில் மாற்றிக்கொள்வதில்லை. பழைய பொருளின்மேல் புதிய பொருள் வந்து படியும், புதியது பெருவழக்காகும், பழையது மூலையில் ஒதுங்கும். ஒதுங்கினாலும் எளிதில் அழிவதில்லை. நம் அன்றாடப் பேச்சிலேயே அது மறைந்து வாழ்ந்துகொண்டிருக்கும். இவ்வுண்மைக்கு ஏற்ற சான்றாக ‘வாங்கு’ என்னும் வினைச்சொல்லை ஈண்டு ஆராய்வோம்.

நான்காம் ஆண்டு மாணவனிடம் ‘வாங்குதல்’ என்றால் என்ன என்று கேட்டால், “கடையில் காசு கொடுத்துப் பெறுதல்” என்பான். விடை சரியே. ஆனால் அம்மாணவன் வளர்ந்து, ‘சிவபெருமான் மேருமலையை வில்லாக வாங்கினார்’ என்னும் உரைநடைத் தொடரைப் படிக்கும்போது, “யாரிடம் வாங்கினார்? என்ன விலை?” என்று மயங்கி நிற்பான். அவனுக்குத் தமிழ் தெரியாததால் வந்த மயக்கமன்று இது. ஒரு சொல்லின் கடைசிப் பொருளை மட்டும் கற்பித்து, முதற் பொருளைக் கற்பிக்காமல் விட்டதால் வந்த மயக்கம்.

முதற் பொருள்

பண்டைத் தமிழில் ‘வாங்கு’ என்பதற்கு வளைதல், வளைத்தல், தன்பால் இழுத்தல் என்பனவே தலையாய பொருள்கள். ‘வாங்கு அமை’ என்றால் வளைந்த மூங்கில். ‘வாங்கு சிலை’ என்றால் வளைந்த வில். வில்லை வளைப்பவன் நாணைத் தன் மார்பை நோக்கி இழுக்கிறான். இழுக்க இழுக்க வில் வளைகிறது. வளைத்தலும் இழுத்தலும் அங்கே ஒரே செயலின் இரு பக்கங்கள். ஆகவே ஒரே சொல் இரண்டையும் குறித்ததில் வியப்பில்லை.

நம் மொழியின் உறவு மொழிகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. கன்னடத்தில் ‘பாகு’ என்றால் வளைதல், குனிதல். தெலுங்கில் ‘வங்கு’ என்றாலும் அதுவே. தமிழிலும், வளைந்த அலகுடைய அரிவாளுக்கு ‘வாங்கரிவாள்’ என்னும் பெயர் உண்டு. அதை விலைக்கு வாங்கிய அரிவாள் என்று எவரும் பொருள் சொல்வதில்லை.

இழுத்தல், உருவுதல், பிடுங்குதல், முகத்தல், இறைத்தல், எடுத்தல் என ஒன்றை வெளிக்கொணர்வதற்குத் தமிழில் பல வினைகள் உள்ளன. தரையோடு சேர்த்து நகர்த்துவது இழுத்தல். உறையிலிருந்து நீள எடுப்பது உருவுதல். வேரோடு பறிப்பது பிடுங்குதல். கலத்தை அமிழ்த்தி நீரெடுப்பது முகத்தல். வாங்குதலுக்கு உரிய தனித்தன்மை யாது? ஒன்று தன்னை நோக்கி வர, அதைத் தன்னிடத்தே ஏற்றுக்கொள்ளுதல் என்பதே. பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். வெட்டிய கோட்டிலிருந்து வடியும் பாலை மரத்தில் கட்டிய மங்கு வாங்கிக்கொள்கிறது. மங்கில் நிறைந்து நிற்கும் பாலையோ நாம் வாளியில் எடுக்கிறோம். வாங்குதலும் எடுத்தலும் வேறு வேறு.

பேச்சில் வாழும் பழம்பொருள்

இப்பழம்பொருள் ஏட்டோடு நின்றுவிட்டதா? இல்லை. நாள்தோறும் நாம் ஆளும் தொடர்களைச் சற்று உற்று நோக்குக.

படியேறியவருக்கு ‘மூச்சு வாங்குகிறது’. காற்றை அவர் உள்ளே இழுக்கிறார். சொன்னதைக் கேளாதவன் ‘காதில் வாங்கிக்கொள்ளவில்லை’. ஒலி வந்தும் அதை அவன் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. தோற்ற படை ‘பின்வாங்குகிறது’. தன்னைத்தானே பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. நோயாளியின் கன்னம் ‘உள்வாங்கியிருக்கிறது’. உட்பக்கமாக வளைந்து குழிந்துவிட்டது. வீதியிலிருந்து சற்றுத் தள்ளிக் கட்டிய வீட்டை ‘உள்வாங்கிக் கட்டியிருக்கிறார்கள்’ என்கிறோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, தாய்லாந்தின் புக்கெட் கரையில் பேரலைக்கு முன்னதாகக் கடல் வெகுதூரம் பின்சென்றது. அதைச் சொல்லத் தமிழர் புதுச்சொல் தேடவில்லை. ‘கடல் உள்வாங்கியது’ என்றனர். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய சொல், அந்நாளின் செய்திக்கு அப்படியே பொருந்திற்று.

‘வேலை வாங்குதல்’ என்னும் தொடர் தனித்துக் கருதத்தக்கது. கங்காணி ஆட்களிடம் வேலை வாங்கினார் என்றால், கூலி கொடுத்து வேலையை விலைக்குப் பெற்றார் என்பது கருத்தன்று. கூலி கொடுத்தவர் முதலாளி. கங்காணியோ ஆட்களின் உடலிலுள்ள உழைப்பை வெளியே இழுத்தவர். ‘நன்றாக வேலை வாங்கிவிட்டார்’ என்று நம் முன்னோர் பெருமூச்சோடு சொன்னதன் பொருள், வாங்குதலின் பழம்பொருளை அறிந்தவர்க்கே முழுதும் விளங்கும். ‘உயிரை வாங்குகிறான்’, ‘மானத்தை வாங்கிவிட்டான்’ என்பனவும் இவ்வகையே. உயிரும் மானமும் கடைச்சரக்கல்ல. ஒருவனிடமிருந்து இழுத்துப் பறிக்கப்படுவதையே இத்தொடர்கள் காட்டுகின்றன.

விலைப்பொருள் வந்த வழி

அவ்வாறாயின், பண்டைத் தமிழர் விலைகொடுத்துப் பெறுவதை எச்சொல்லால் குறித்தனர்? ‘கொள்’ என்பதே அச்சொல். புகார் நகரத்து வணிகரின் நடுவுநிலையைப் புகழும் பட்டினப்பாலை, அவர்கள் பெறுவதைக் கொள்ளுதல் என்றும் தருவதைக் கொடுத்தல் என்றுமே கூறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் ‘விலை கொண்ட’ நிலம் என்னும் வழக்கைக் காணலாம். இன்றும் ‘கொள்முதல்’, ‘கொள்வினை கொடுப்பினை’ என்னும் சொற்களில் அது நிலைத்திருக்கிறது. தெலுங்கில் விலைக்குப் பெறுவதற்கு இன்றும் ‘கொனு’ என்பதே சொல். கன்னடத்திலும் ‘கொள்ளு’ என்பதற்கு அப்பொருள் உண்டு. தமிழும் மலையாளமும் மட்டும் ‘வாங்கு’ என்பதற்கு மாறின. மலையாளத்து ‘வாங்ஙுக’ நம் ‘வாங்குக’ என்பதேயாம்.

மாற்றம் நேர்ந்த வழியை ஊகிப்பது கடினமன்று. கைநீட்டித் தன்பால் இழுத்தல் என்பது கையில் ஏற்றல் ஆயிற்று. கையில் ஏற்றல் பெறுதல் ஆயிற்று. பெறுதல், கடைத்தெருவில் விலைக்குப் பெறுதல் ஆயிற்று. மற்றொரு பக்கம், ‘கொள்’ என்பது ‘எழுதிக்கொள்’, ‘பார்த்துக்கொள்’ என்று துணைவினையாகப் பெருவழக்குப் பெற்றது. துணைவினையாகத் தேய்ந்த சொல்லின் இடத்தில் முழுவினையாகிய ‘வாங்கு’ வந்து அமர்ந்தது எனக் கொள்ளுதல் பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஒலியால் ஒத்த வேற்றுச் சொற்கள்

இங்கு ஒரு தெளிவு வேண்டும். பள்ளியில் பிள்ளைகள் அமரும் நீண்ட இருக்கையையும் ‘வாங்கு’ என்பதுண்டு. இது நம் வினைச்சொல்லோடு தொடர்புடையதன்று. ‘பாங்கோ’ என்னும் போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்தது. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் மலாய்மொழிக்குத் தந்த ‘பங்கு’ என்பதும் அதுவே. பணம் போட்டு வைக்கும் ‘வங்கி’யும் அக்குடும்பத்ததே. இத்தாலியில் காசு மாற்றுவோர் அமர்ந்த பலகையின் பெயரே பின்னர் அந்நிலையத்தின் பெயராயிற்று. இனி, பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் ‘வாங்கு’ அல்லது ‘பாங்கு’, குரல் எனப் பொருள்படும் பாரசீகச் சொல். இம்மூன்றையும் வினைச்சொல்லோடு குழப்பிக்கொள்ளலாகாது.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் இச்சொல்லின் பல பொருள்களையும் ஒருங்கே காணலாம். மாணவரிடம் அத்தனையையும் திணிக்க வேண்டுவதில்லை. அவர்கள் வாயிலிருந்தே மூச்சு வாங்குதல், காதில் வாங்குதல், பின்வாங்குதல், அடி வாங்குதல் என்னும் தொடர்களை வரவழைத்துக் கரும்பலகையில் எழுதுக. இவற்றுள் எதற்கேனும் விலை உண்டா என்று கேட்க. ‘இல்லை’ என்பார்கள். அடுத்து ஒரு மூங்கிற் குச்சியில் நூல் கட்டி வில்லாக வளைத்துக் காட்டி, ‘இதுவே வாங்குதல்’ என்க. வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வீட்டில் பேசும் தமிழ் வேறு, ஏட்டில் உள்ள தமிழ் வேறு என்று எண்ணியே நம் பிள்ளைகள் பலர் பழைய நூல்களை அஞ்சி ஒதுங்குகின்றனர். சங்கப் புலவர் ஆண்ட சொல்லைத் தாம் விளையாட்டுத் திடலில் ஓடி மூச்சிரைக்கும்போதும் ஆள்கிறோம் என்று அவர்கள் உணர்ந்துவிட்டால், அந்த அச்சத்தில் பாதி நீங்கும். மீதிப் பாதியை நீக்குவது நம் கடமை.