எபிசோடு: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் அந்தச் சிவப்பு ஆயிலும்

பழைய ஆட்டோமேட்டிக் கார் வச்சிருக்கிறவங்க அடிக்கடி கேட்கிற எச்சரிக்கை ஒண்ணு உண்டு: "கியர்பாக்ஸ் ஆயிலை மட்டும் தொட்டுடாதீங்க, மாத்தினா வண்டி படுத்துடும்." இன்னொரு கோஷ்டி, "அது லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்"னு சொல்லும். காரணம் வேற வேறன்னாலும் ரெண்டு பேர் முடிவும் ஒண்ணுதான்: அப்படியே விட்டுடு. இது சரியான்னு தெரியணும்னா, இந்த ஆயில் எங்கிருந்து வந்ததுன்னு பார்க்கணும்.

கதை கப்பலில் ஆரம்பிக்குது. நீராவி டர்பைன் ரொம்ப வேகமாகச் சுற்றும். கப்பலின் ப்ரொப்பெல்லருக்கு அந்த வேகம் ஆகாது. 1905-ல் ஹெர்மான் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் இன்ஜினியர் ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். ஒரு சக்கரம் திரவத்தைத் தள்ளும், அந்தத் திரவம் எதிரே இருக்கிற சக்கரத்தைச் சுற்றும். இன்றைய டார்க் கன்வெர்ட்டரின் தாத்தா இதுதான்.

1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காருக்காக ஹைட்ரா-மேட்டிக் கியர்பாக்ஸை அறிவித்தது. கிளட்ச் பெடலே கிடையாது. பெரிய அளவில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க டாங்கிகளுக்குள்ளும் போனது. 1949-ல் இதற்கான திரவத்துக்கு 'டைப் ஏ' என்று தனி ஸ்பெசிஃபிகேஷன் வந்தது. பின்னாடி வந்த டெக்ஸ்ரான் எல்லாம் இதன் வாரிசுகள்.

தனி ஸ்பெசிஃபிகேஷன் எதுக்கு? கம்ப்யூட்டர் வராத காலத்தில், எப்போ எந்த கியருக்குப் போகணும்னு முடிவு செய்தது வால்வு பாடி. அதன் குறுகலான பாதைகளில் ஓடுகிற ஆயில் அழுத்தம்தான் அந்தக் காலத்து இஃப்-எல்ஸ். அதே ஆயில்தான் பவரையும் கடத்தணும், சூட்டையும் வெளியே கொண்டுபோகணும். உள்ளே மூழ்கிக் கிடக்கிற கிளட்ச் தகடுகளைக் கொஞ்சம் வழுக்கவும் விடணும், சரியான நொடியில் கவ்வவும் விடணும்.

இந்தக் கடைசி வேலைக்குச் சேர்த்த பொருள் எது தெரியுமா? ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய்! 1970-ல் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய் வரத்து நின்றது, மாற்றுக் கலவை தேட வேண்டியதாயிற்று. புதுக் கலவை ஒன்று ஆயில் கூலரின் உலோக இணைப்புகளை அரித்ததால், எழுபதுகளின் நடுவில் ஃபார்முலாவை மறுபடி திருத்தினார்கள். கலவையில் ஒரு பொருள் மாறியதற்கே இவ்வளவு பாடு. அப்போ இது வெறும் மசகு இல்லை; கியர்பாக்ஸின் ஒரு பாகம். பாகம்னா தேயும், மாத்தணும்.

எங்க பக்கத்துக்கு வருவோம். என் ஊர் திருவாலங்காடு. பக்கத்துத் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மண்வாரி இயந்திரங்கள் செய்தது. அந்தத் தொழிற்சாலை பிறகு கேட்டர்பில்லர் கைக்குப் போனது. 1998-ல் அதே ஊரில் மிட்சுபிஷி லான்சர் தயாராக ஆரம்பித்தது. தொண்ணூறுகளிலேயே மாருதி ஜென்னிலும் ஆட்டோமேட்டிக் வந்தது. ஆனா விலையும் மைலேஜும் பயமுறுத்த, வாங்கினவங்க குறைவு. இன்னைக்கு அந்தப் பழைய வண்டிகளைத் தேடி வாங்குறது யார்? என் மாமா மாதிரி ஆட்கள். இடது முழங்கால் போன பிறகு அவருக்குக் கிளட்ச் மிதிக்க முடியாது. அவருடைய செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸ் போனால், செலவைவிடப் பெரிய நஷ்டம், அவர் மறுபடி யாரையாவது எதிர்பார்த்து நிற்கணும்.

வெயிலையும் சேர்த்துக்கோங்க. கோடையில் திருத்தணி பெயர் வெப்பநிலைப் பட்டியலில் அடிக்கடி மேலே வரும். நின்று நின்று போகிற டிராஃபிக்கில் டார்க் கன்வெர்ட்டரும் சூடேறும். ஆயிலுக்கு முதல் எதிரி சூடுதான். 'லைஃப்டைம்'னா யாருடைய லைஃப்னு கேளுங்க!

எப்படிப் பார்ப்பது? டிப்ஸ்டிக் இருக்கிற வண்டின்னா, இருபது நிமிஷம் ஓட்டிட்டு சமதரையில் நிறுத்துங்க. பிரேக்கை மிதிச்சபடி லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்தி பார்க்கிங்கில் வையுங்க. பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே பார்க்கணும். ஹோண்டாவில் நிறுத்திட்டுப் பார்க்கணும். மேனுவல் சொல்வதே முடிவு. பனியன் வேஸ்ட்டால் துடைக்காதீங்க, நூல் உள்ளே போகும். ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விடுங்க. சிவப்பு நல்லது. பழுப்புன்னா வயசாச்சு. கருப்பும் கருகின வாசனையும் வந்தா தகடு எரியுது. பால் கலந்த ரோஸ் நிறம்னா தண்ணீர் இறங்கியிருக்கு, வண்டியை எடுக்காதீங்க.

சரி, "மாத்தினா படுத்துடும்" கதை? அதில் பாதி உண்மை இருக்கு. தேய்ந்த தகட்டின் துகள்கள் பழைய ஆயிலில் மிதந்து, கொஞ்சம் பிடிமானம் கொடுக்கலாம். அதை எடுத்ததும் வழுக்கல் வெளியே தெரியும். ஆனா அந்த கியர்பாக்ஸ் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. அதனால் ஏற்கெனவே வழுக்குகிற வண்டியை முதலில் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்க. ஒழுங்காக கியர் மாறுகிற பழைய வண்டிக்கு, மெஷின் வைத்துத் தள்ளும் ஃப்ளஷை விட, வடித்து நிரப்புவதே பாதுகாப்பு.

கணக்குப் பார்ப்போம். மொத்தம் 8 லிட்டர், வடித்தால் வருவது 3 லிட்டர். மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிடும். ஒருமுறை மாற்றினால் பழசு சுமார் 63 சதவீதம் மிச்சம். சில நாள் ஓட்டிட்டு மறுபடி செய்தால் 39. மூன்றாவது முறை 24. வடித்ததை அளந்து, அதே அளவு, மேனுவலில் சொன்ன அதே வகை ஆயிலை ஊற்றுங்க. பான் காந்தத்தில் சாம்பல் நிற மசி சகஜம். உலோகச் சில்லு இருந்தால் ஆபத்து.

ஒரு எச்சரிக்கை: 2014-ல் செலேரியோவோடு பரவலான ஏஎம்டி, அப்புறம் சிவிடி, டூயல் கிளட்ச் எல்லாம் வேற ஜாதி. அதுக்கு இந்த ஆயிலை ஊத்திடாதீங்க.

வீட்டில் பழைய ஆட்டோமேட்டிக் இருந்தா, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சொட்டு எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.