பெண்ணாடம்: நிர்வாகப் பிரிவுகள்

பெண்ணாடம், கடலூர் மாவட்டம் திட்டக்குடி வட்டத்தில், விருத்தாசலத்துக்குத் தென்மேற்கே உள்ள பேரூராட்சி. சைவர்களுக்கு இது திருத்தூங்கானைமாடம் என்னும் பாடல் பெற்ற தலம். சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரோடு சேர்த்துப் பேசப்படும் ஊர். வருவாய்த் துறைக்கோ ஒரு குறுவட்டத்தின் தலைமையிடம்.

இவ்வட்டாரத்தின் நிலத்துக்கும் மக்களுக்கும் இரண்டு தனித்தனி நிர்வாக அடுக்குகள் உண்டு. முதலாவது வருவாய் அடுக்கு. தென்னார்க்காடு 1993 செப்டம்பர் 30 அன்று பிரிக்கப்பட்டபோது உருவான கடலூர் மாவட்டத்துக்கு ஆட்சியர். அதன்கீழ் விருத்தாசலம் கோட்டத்துக்குக் கோட்டாட்சியர். திட்டக்குடி வட்டத்துக்குத் தாசில்தார் எனப்படும் வட்டாட்சியர். மக்கள் 'பிர்கா' என்று சொல்லும் குறுவட்டத்துக்கு வருவாய் ஆய்வாளர். கடைசியில் வருவாய் கிராமத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ. புல எண், பட்டா, அடங்கல் எல்லாம் வருவாய் கிராமத்தின் பெயரிலேயே பதிவாகின்றன. 1980 வரை இந்தக் கணக்குகள் பெரும்பாலும் பரம்பரையாக வந்த மணியக்காரர், கணக்குப்பிள்ளை கையில் இருந்தன. அவ்வாண்டு நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அப்பதவிகளை ஒழித்தது. கிராமத்தின் நிலக் கணக்கு சில குடும்பங்களின் கையில் இருந்த நிலை அத்தோடு முடிந்தது. தமிழகக் கிராம வரலாற்றில் இது பெறவேண்டிய கவனத்தை இன்னும் பெறவில்லை.

இரண்டாவது, மக்கள் வாக்களித்து அமைக்கும் உள்ளாட்சி அடுக்கு. பெண்ணாடத்தை வார்டு உறுப்பினர்கள் கொண்ட பேரூராட்சி மன்றம் ஆள்கிறது. அன்றாட வேலைகளைச் செயல் அலுவலர் கவனிக்கிறார். சர்க்கரை ஆலையால் அறியப்பட்ட இறையூர் முதலான சுற்று ஊர்கள் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி கிராம ஊராட்சிகளாக, நல்லூர் ஊராட்சி ஒன்றியத்தில் சேர்கின்றன. ஒரு வருவாய் கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள் இருக்கலாம். அவை ஒரே ஊராட்சியில்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே இப்பகுதி விவசாயி பட்டா மாற்றத்துக்குத் திட்டக்குடிக்கும், குடிநீர்க் குழாய்க்கு ஊராட்சித் தலைவரிடமும், அதற்கு மேல் யூனியன் ஆபீசுக்கும் போகிறார். எந்த மனு எங்கே சேரும் என்பது தெரியாததால் அலைகிறவர்களே அதிகம். இந்தச் சுமையைக் குடிமக்கள் மேல் வைப்பது நியாயமில்லை.

இந்த அடுக்குகளை வேறொரு நாட்டோடு ஒப்பிடலாம். தாய்லாந்திலும் சாங்வாட் (மாகாணம்), அம்போ (வட்டம் போன்றது), தம்போன் (கிராமத் தொகுதி), மூபான் (கிராமம்) என்று அடுக்கு உண்டு. தம்போனுக்குள் கிராமங்களுக்கு வரிசை எண் இடப்பட்டு, வீட்டு முகவரியிலும் அந்த எண் வருகிறது. அங்கே கிராமத் தலைவரான 'பூ யாய் பான்' ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்டு, உள்துறை அமைச்சக நிர்வாகத்தின் கடைசிக் கண்ணியாகவும் செயல்படுகிறார். 1914ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு அடிப்படை. வி.ஏ.ஓ.வும் ஊராட்சித் தலைவரும் இங்கே பிரித்துச் செய்யும் பணிகளில் ஒரு பங்கு அங்கே ஒருவரிடமே சேர்கிறது. தம்போன் அளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாக அமைப்புகள் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை.

மீண்டும் பெண்ணாடத்துக்கு வந்தால், குறுவட்டம் மக்கள் கண்ணில் படுவது ஜமாபந்தியின்போது. ஜூன் 30இல் முடியும் பசலி ஆண்டின் கிராமக் கணக்குகள் வட்டாட்சியர் அலுவலகத்தில் குறுவட்டம் வாரியாகத் தணிக்கை செய்யப்படுகின்றன. தங்கள் பிர்காவுக்குக் குறித்த நாளில் ஊரார் திட்டக்குடிக்குச் சென்று பட்டா, முதியோர் உதவித்தொகை, ஆக்கிரமிப்பு பற்றிய மனுக்களை நேரில் கொடுக்கலாம்.