பச்சை அட்டை: பெறுவதும் விடுவதும்

பிற நாட்டில் நிலையாக வாழும் உரிமையைப் பெறுவது அரிது. தேவை தீர்ந்தபின் அதனை முறைப்படி விடுவதும் அறிந்து செய்யவேண்டிய செயலே. அமெரிக்கப் பச்சை அட்டையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1940-ம் ஆண்டின் அந்நியர் பதிவுச் சட்டப்படி, அந்நாட்டிலிருந்த பிறநாட்டார் அஞ்சலகங்களுக்குச் சென்று பதிந்துகொண்டனர். அப்பதிவு பாதுகாப்புக் கருதியது. தங்கும் உரிமையைத் தந்ததன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே நிலையாகக் குடியேறியோருக்குப் பசுமை நிற அட்டை வழங்கப்படலாயிற்று. 1964-ல் நிறம் மாறிற்று, பெயர் மாறவில்லை. 2010-ல் பசுமை நிறம் மீண்டும் வந்தது.

தாயகம் திரும்பியோர் அட்டையைப் பெட்டியில் வைத்து மறந்துவிடுவதுண்டு. அதில் குறித்த காலம் முடிந்தால் உரிமையும் முடிந்துவிடும் என்பது அவர்தம் எண்ணம். சட்டமோ வேறு கூறுகிறது. 1984-ம் ஆண்டு வரிச் சட்டத்தின்படி, இவ்வுரிமையுடையோர் எங்கு வாழினும் பொதுவாக அமெரிக்காவுக்கு வருமானக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அரசாங்கம் உரிமையை நீக்கும்வரை, அல்லது அவரே முறைப்படி கைவிடும்வரை, அக்கடமை தொடரும். 1996-ல் மற்றொரு விதியும் சேர்ந்தது. 15 ஆண்டுகளுள் 8 ஆண்டுகளில் இவ்வுரிமையை உடையவராய் இருந்தோர், அதனை விடுங்கால், குடியுரிமை துறப்போருக்குரிய வரிவிதிகளுக்கு உட்படுவர். பெட்டியில் அட்டை உறங்கிய ஆண்டுகளும் இக்கணக்கில் சேரக்கூடும் அன்றோ!

ஆதலின், ஐ-407 என்னும் படிவத்தை நிரப்பி, அட்டையுடன் குடிநுழைவுத் துறையிடம் ஒப்படைத்துச் சான்று பெறுதல் நன்று. பின்னர் விருந்தினராய்ச் செல்ல விசா கேட்கத் தடையில்லை. மீண்டும் குடியேறுவதாயின் முதலிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும்.

புகும்போது பதிவேட்டில் ஏறிய பெயரை, நீங்கும்போது நாமே இறக்கி வைத்தல் முறையாகும்.