லாம்டனின் பெங்களூர் ஆதாரக் கோடு: ஆயப்படங்களின் பொருத்தம் பற்றி ஓர் ஆய்வு

இந்திய நில அளவையின் சரித்திரத்தை ஆராய்ந்தவர்களுள் மாத்யூ எட்னியைப் போல அதன் அறிவுத்துறை அடிப்படையைத் துருவிக் கேள்வி கேட்டவர் வேறொருவர் இல்லை என்றே கருதுகிறேன். 1765 முதல் 1843 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு அவர் எழுதி 1997இல் வெளிவந்த நூல், முக்கோண அளவையானது ஆட்சியாளருக்குப் பரிபூரணமான, ஒருசீரான, தேசம் முழுவதையும் ஒரே பார்வையில் அடக்கும் ஞானத்தை வாக்களித்தது என்றும், அந்த லட்சியத்துக்கும் களத்தில் நடந்த சமரசங்களுக்கும் இடையே இருந்த பிளவு கடைசிவரை மூடப்படவே இல்லை என்றும் வாதிக்கிறது. அரசியல் அளவில் இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. பணமுடையையும் ஆட்பற்றாக்குறையையும் அதிகாரிகளின் பிணக்குகளையும் அவர் எடுத்துக்காட்டும் விதத்தில் மறுக்கத்தக்கது எதுவுமில்லை. ஆனால் அந்த வாதத்தின் அடியில் ஒரு கணித அனுமானம் மறைந்து நிற்கிறது. முக்கோண அளவை என்பது இயல்பிலேயே இணைப்பற்ற ஒரே வெளியைக் கோருவது, ஆகவே அதில் விழும் ஒவ்வொரு ஒட்டும் ஒவ்வொரு திருத்தமும் லட்சியத்திலிருந்து நேர்ந்த வீழ்ச்சியே என்பது அது. என் ஆட்சேபம் இந்த அனுமானத்தின் மீதுதான்.

வளைந்த பரப்பை வர்ணிக்க இன்றைய வடிவகணிதம் கையாளும் முறை வாசகர் அறிந்ததே. பரப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் சமதளத்தில் ஓர் ஆயப்படம்; இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில், ஒன்றின் ஆயங்களை மற்றதன் ஆயங்களாக மாற்றித் தரும் ஒரு விதி. கோளத்தை ஒரே படத்தால் மூட இயலாது, குறைந்தது இரண்டு வேண்டும்; அவற்றுள் ஒன்றே மெய், மற்றது போலி என்ற பேச்சுக்கு இடமில்லை.

இனிப் பெங்களூருக்கு வருவோம். 1799இல் மைசூர் யுத்தத்தில் பங்குகொண்ட வில்லியம் லாம்டன், மறு ஆண்டே பெங்களூருக்கு அருகில் ஓர் ஆதாரக் கோட்டைச் சங்கிலி பிடித்து அளந்தார். 1802 ஏப்ரலில் சென்னையில் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏழரை மைல் நீளக் கோடு அளக்கப்பட்டது. அங்கிருந்து முக்கோணங்கள் மேற்கே படர்ந்தன. 1804இல் பெங்களூரில் மீண்டும் ஒரு கோடு. அதை அளந்தவர் ஜான் வாரன். சென்னையிலிருந்து ஏறத்தாழ 180 மைல் தூரம் முக்கோணங்களின் வழியே கணக்கிட்டு வந்த நீளமும், தரையில் கிடத்தி அளந்த நீளமும் 3.7 அங்குலமே வேறுபட்டன. ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சத்தில் ஒரு பங்கு.

இதைத் துல்லியத்தின் வெற்றியாகக் கொண்டாடுவதே வழக்கம்; நான் வேறுவிதமாகக் காண்கிறேன். பக்கத்துக்கு 30 மைல் கொண்ட சமபக்க முக்கோணம் ஒன்றைப் பூமியின் மேல் வரைந்தால் அதன் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைவிட ஏறத்தாழ 5 விகலை மிகும். ஒவ்வொரு பக்கமும் தன் நாணைவிட ஏறத்தாழ நாலரை அங்குலம் நீளும். அதாவது, ஒரே ஒரு பக்கத்தில் வளைவு விளைக்கும் வேறுபாடு, பெங்களூரில் கண்ட மொத்த வேறுபாட்டைவிடப் பெரிது. லாம்டன் இதை நன்கு அறிந்து, கண்ட கோணங்களை நாண்களுக்கு இடைப்பட்ட கோணங்களாக மாற்றி, ஒவ்வொரு முக்கோணத்தையும் தனக்குரிய சமதளத்தில் தீர்த்து, அடுத்ததோடு பொதுப் பக்கத்தால் இணைத்தார். நாடு முழுவதற்கும் ஒரு சமதளம் அல்ல, முக்கோணத்துக்கு ஒரு சமதளம்; பொதுப் பக்கமே மாற்றுவிதி. சென்னையிலும் பெங்களூரிலும் தனித்தனியே தொடங்கிய இரண்டு அளவுகள் ஒன்றோடொன்று படியுமிடத்தில் இசைகின்றனவா என்பதையே 1804ஆம் ஆண்டுக் கோடு சோதித்தது. அது வெறும் பிழைக்கட்டுப்பாடு அன்றோ என்று கேட்கலாம். லாம்டன் தம் செயலுக்கு இப்படித் தத்துவம் சொல்லிக்கொண்டார் என்று நான் கூறவில்லை. செய்தவற்றின் வரிசையிலிருந்தே அனுமானிக்கிறேன். சான்று மெல்லியதுதான்; ஆயினும் ஒரே வெளியை முன்கூட்டியே நம்பியவன் படிவுகளை இவ்வளவு கவலையோடு சோதிக்க மாட்டான் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பழைய சர்வே தாள்களில் நான் ஊன்றிப் பார்த்தது ஒரு குறிப்பு. தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வு நிலையத்தை 80° 17′ 21″ என்று கொண்டு எண்ணப்பட்டவை என்னும் ஓரக்குறிப்பு அது. பிற்காலத்தில் தந்திவழி நிர்ணயத்தின்மேல் அவையனைத்திலிருந்தும் 2′ 27.18″ கழிக்கப்பட்டது. பெங்களூரின் அட்சரேகையில் இது ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர், நகரம் முழுவதும் காகிதத்தின் மேல் மேற்கே அவ்வளவு தூரம் நகர்ந்தது. எட்னியின் கண்ணுக்கு இது அஸ்திவாரம் ஆடியதற்கு அடையாளமாகவே படும். ஆனால் ஒரு முக்கோணத்தின் பக்கமோ கோணமோ இதனால் இம்மியும் மாறவில்லை. எண்களின் தொடக்கம்தான் பெயர்ந்தது. ஆயங்களுக்குத் தாமாகப் பொருளில்லை, படங்களுக்கு இடையிலான மாற்றுவிதிக்கே பொருள் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இன்றைய உலகக் குறுக்கு மெர்க்காட்டர் மண்டல முறையிலும் இதே அமைப்பைக் காணலாம். பெங்களூர் 43ஆம் மண்டலத்திலும் கோலார் 44ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. எல்லை 78ஆம் தீர்க்கரேகை. அந்த எல்லையின் மேல் 13ஆம் அட்சரேகையில் உள்ள ஒரு புள்ளி, ஒரு மண்டலத்தில் கிழக்காயம் ஏறத்தாழ 825 கிலோமீட்டர் என்றும், மற்றதில் 175 கிலோமீட்டர் என்றும் பதிவாகிறது.

ஆயப்பட வடிவகணிதத்துக்கு வழிவகுத்த மூன்றும், அதாவது காஸ் 1827இல் வளைபரப்புகளைப் பற்றி எழுதிய நூலும், ரீமன் 1854இல் ஆற்றிய உரையும், 1913இல் வெயில் அளித்த வரையறையும் இந்திய அளவையிலிருந்து பிறந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. காஸ் ஹானோவர் நாட்டைத் தாமே முக்கோணமிட்டு அளந்தவர் என்பதால், அவரும் லாம்டனும் ஒரே தொழிலின் அநுபவத்திலிருந்து பேசினர் என்பதோடு நிற்கிறேன்.

என் வாதத்துக்கு எதிரான வலிய சான்றையும் வைக்க வேண்டும். 1830இல் ஜார்ஜ் எவரெஸ்ட் நிறுவிய கோளகம், தேசம் முழுவதையும் ஒரே கணிதப் பரப்பின் மேல் ஏற்றியது. அங்கே எட்னி வர்ணிக்கும் லட்சியம் முழு உருவில் நிற்கிறது. கலியானா, கல்யாண்பூர் என்னும் அளவை நிலையங்களுக்கு இடையே வானளவையும் நிலவளவையும் 5.236 விகலை முரண்பட்டதை அந்த ஒரே பரப்பால் விளக்க முடியாமற் போகவே, 1855இல் பாதிரியார் பிராட் இமயமலையின் ஈர்ப்பைக் கணக்கிட்டு, 15.885 விகலை வர வேண்டும் என்று கண்டது மேலும் குழப்பத்தையே விளைவித்தது. ஆகவே நான் எட்னியை மறுப்பது லாம்டனின் காலத்துக்கு மட்டுமே. படிவுகளைச் சோதித்த லாம்டனின் மனப்பாங்கு எப்போது மாறிற்று, எவரெஸ்ட் உதவியாளராக வந்த 1818இலா, லாம்டன் மறைந்த 1823இலா, 1830இன் கோளகத்தோடுதானா என்பதை இப்போதைய சான்றுகளைக் கொண்டு ஒரே ஆண்டில் நிறுத்த நான் துணியவில்லை. 1818க்கு முற்பட்டதன்று என்பதற்கு அப்பால் செல்வது சரியாகாது.