நீள் ஒளிப்பதிவில் அருவி (சிங்கப்பூர்)

ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைத்து, விழும் நீரை இழைகளாகவோ பட்டுத்திரையாகவோ பதிவுசெய்யும் ஒளிப்பட முறை. சிங்கப்பூரில் இதற்கு ஏற்ற பெரிய அருவிகள் மனிதர் கட்டியவையே. 1971இல் திறந்த ஜூரோங் பறவைப் பூங்காவின் 30 மீட்டர் அருவி, 2023 ஜனவரியில் பூங்கா மூடப்படும் வரை படமெடுப்போரை ஈர்த்தது. இன்று முதலிடம், 2019இல் சாங்கி விமான நிலையத்தில் திறந்த ஜுவல் கட்டடத்தின் 40 மீட்டர் அருவிக்கு. கட்டடத்தை வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி.

பகலில் ஜுவலின் கண்ணாடிக் கூரை வழியே ஒளி கொட்டும். 6 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் ஒளியை 64இல் ஒரு பங்காக்கும். 1/60 நொடி ஏறக்குறைய ஒரு நொடியாகிவிடும். கால் நொடி முதல் ஒரு நொடி வரை போதும். அதற்கு மேல் நீரின் கனமே தொலைந்து வெறும் வெண்புகை மிஞ்சுகிறது. குறுக்கே விமான நிலைய ரயிலான ஸ்கைடிரெயின் போனால் கோடாகப் பதியும். சிலர் அதற்காகவே காத்திருப்பார்கள். முக்காலி இல்லாதவர்கள் குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்துக் கணினியில் சராசரியாக்கலாம்.

கரையோரப் பூந்தோட்டங்களின் மேகக் காடு (2012, அருவி 35 மீட்டர்) குளிரூட்டப்பட்டது. வெளியே வந்ததும் குளிர்ந்த லென்ஸில் நீர் பூக்கும். பைக்குள்ளேயே சற்று வைத்திருப்பது நல்லது.

திருத்தும்போது ரா கோப்பில் முதலில் வெளிறிய பகுதிகளை இறக்க வேண்டும். முற்றிலும் வெளுத்துப்போன நீரை எந்த மென்பொருளும் மீட்காது. இரவு வண்ண விளக்குக் காட்சியில் நீல, ஊதா நிறச்செறிவைக் குறைத்தால்தான் இழைகள் பிரிந்து தெரியும்.