முழந்தாளும் பலகையும்

மேசை, அலமாரி, சன்னல் ஆகியவை போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழ் பெற்ற சொற்கள். மலாய்மொழியும் அவற்றை மேஜா, அல்மாரி, ஜெண்டேலா என ஏற்றுக்கொண்டது. நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குக் கிராணிமாராய் வந்த யாழ்ப்பாணத் தமிழர் விசிபலகையை 'வாங்கு' என்பர். மலாய்க்காரர் 'பங்க்கு' என்பர். இரண்டும் 'பாங்கோ' என்னும் ஒரு தாய்ச்சொல்லின் பிள்ளைகளே. ஆயினும் தேவாலயத்தில் முழந்தாளிடுவதற்கென்றே செய்யப்பட்ட மரச்சாமானின் பெயர் மட்டும் நம் நாவில் ஒட்டவில்லை. போர்த்துக்கீசியர் அதை 'ஜெனுஃப்ளெக்சோரியோ' என்றனர். பெயரின் கடுமை காரணமன்று. அதனினும் கடியவற்றை வளைத்து வாயிலிட்டவர்கள் நம்மவர்! பொருள் நம்மிடம் இல்லை, செயல் இருந்தது.

மலாயாத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே பணியாற்றிய பிரெஞ்சுக் குருமார் மொழியில் அது 'பிரி-தியூ'. 'கடவுளை வேண்டு' என்பது நேர்ப்பொருள். கீழே முழந்தாள் பதிக்க ஒரு படி, மேலே செபநூல் வைக்கச் சாய்பலகை. திருமண நாளில் மணமக்களுக்கு அதனை இடுவதுண்டு. ஆங்கிலேயர் முழந்தாளுக்கு இடும் மெத்தையோ 'ஹசக்'. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் புற்கற்றை என்பதே பொருள். ரப்பர் மரத்தின் தாழ்ந்த பட்டையைச் சீவ ஒரு முழந்தாளைப் புல்லில் ஊன்றிய நம் தொழிலாளி, அச்சொல்லின் மூலப்பொருளை ஆங்கிலத் துரையைவிட நன்கு அறிந்தவன் எனலாம்.

தமிழ் விவிலியமும் செபநூல்களும் 'முழங்காற்படியிடுதல்', 'முழந்தாளிடுதல்' எனச் செயலுக்கே பெயர் வைத்தன. 'மண்டியிடுதல்' என்பதோ இன்று பெரும்பாலும் மானமிழந்து அடிபணிதலைக் குறிக்கிறது. தோட்டத்தில் இவ்வேறுபாடு வெறும் அகராதிச் செய்தியன்று. துரைமாரும் அலுவலரும் எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பது, அண்டை மாநிலமான சிலாங்கூரில் 1941இல் நடந்த கிள்ளான் தோட்டத் தொழிலாளர் போராட்டக் கோரிக்கைகளுள் ஒன்று. கூலி உயர்வு கேட்ட அதே மனுவில் இதுவும் இடம்பெற்றது. இறைவன்முன் தானே முழந்தாளிடுபவன், மனிதன்முன் வண்டியை விட்டு இறங்க மறுத்தான்.

1969இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் வழிபாட்டிற்குப் பன்னிரு மாற்றங்களை முன்வைத்து உரோமையின் இசைவைப் பெற்றனர். தரையில் அமர்தலும், தலை, இரு கை, இரு முழந்தாள் நிலம்படும் பஞ்சாங்க வணக்கமும் அவற்றுள் உண்டு. பலகை இல்லாத் தோட்டத்துச் சிறு கோயில்களில் பாய்மேல் முழந்தாளிட்டவர்களுக்கு இதில் புதுமை என்ன இருந்திருக்கும்? அடுத்த லயத்துப் பெண்கள் மாரியம்மன் சந்நிதியில் வெறுந்தரையில் செய்துவந்த வணக்கமும் அதுவேயன்றோ!